முற்றத்து வெயிலில் ஒரு திரை

துணி எடுக்கப் போனால், கடைக்குள் எரியும் விளக்கை நம்பி நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. சேலையை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, வெயிலில் உதறிப் பார்த்த பிறகுதான் மறு பேச்சு. காரைக்குடியில் என் தலை தெரிந்ததுமே கடைக்காரர் சேலையோடு வாசலுக்கு வந்துவிடுவார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நிறம் பார்க்க எழுத்து எதற்கு?

அதனால்தான் கம்ப்யூட்டர் திரை வழக்கும் என்னிடம் வந்தது.

என் மருமகள் வீட்டிலிருந்தே சேலை விற்கிறாள். படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறத்தைச் சரிசெய்து, போனில் ஊர் ஊராக அனுப்புவாள். அந்த மாதம் மூன்று அரக்குச் சேலைகள் திரும்பி வந்துவிட்டன. படத்தில் செங்கல் நிறமாம், பிரித்தால் அரக்காம். பழைய திரையில் நீலம் தூக்கலாகத் தெரிகிறது, அதை நம்பித் திருத்தினால் படம் கெடுகிறது என்று கண்டுபிடித்து, பெரிய திரை ஒன்றை வரவழைத்தாள். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்ப வேண்டும். ஒன்பதாம் நாளும் வந்துவிட்டது.

"ஒரு கறவை மாட்டு விலைக்குக் கண்ணாடிப் பலகையா?" என்றான் என் மகன்.

"மாட்டைக் கட்டிவச்சா நிறம் சொல்லுமா? சொல்லும்னா சொல்லுங்க, அதையே வாங்கிருவோம்" என்றாள் மருமகள்.

"எதுக்கு வாய்? ஆத்தா பாத்துச் சொல்லட்டும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காப்பியை ஆற அமரக் குடித்து முடித்து, "முற்றத்துக்குத் தூக்கிட்டு வாங்க" என்றேன்.

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையமர்த்தினேன். மகன் வயரை இழுத்து, ஸ்டூல் போட்டு, நடு முற்றத்தில் திரையை நிறுத்தினான். உச்சி வெயில். திரையில் போட்ட சேலைப் படமும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மங்கலாக என் மூஞ்சிதான் தெரிந்தது.

"இதுக்கு ரசம் போன கண்ணாடியே தேவலை. திருப்பி அனுப்புங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மருமகள் சிரிக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. பெட்டியை எடுத்து வந்து கீழே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அத்தை, குத்துவிளக்கு நல்லா எரியுதான்னு வெயில்ல வச்சா பாப்பீக?"

சுருக்கென்றது. தப்பு என்று ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வருமா? "அதான் உள்ள வச்சும் பாக்கணும்ல. கொண்டு போங்க, சன்னலைச் சாத்துங்க" என்றேன், முதலிலிருந்தே அதுதான் என் திட்டம் என்பதுபோல.

நான் கட்டியிருந்ததும் அரக்குச் சேலைதான். என்னையே நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பழைய திரையில் அது கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தது. புதியதில் பார்த்தேன். முந்தானையைத் திரையோரம் பிடித்துப் பார்த்தேன். துணி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்படி ஒரு அரக்கு!

"ஆத்தா, இதென்ன இடுப்புகிட்ட தையல்?" என்றான் மகன்.

என் கை பட்ட சேலை கிழியாது என்று நாலு வருசமாக மருமகளிடம் பெருமை பேசி வந்தவள் நான். கதவு ஆணியில் மாட்டிய கிழிசலை, யார் கண்ணுக்கும் படாமல் தைத்து வைத்திருந்தேன். பாழாய்ப்போன திரை அதை மட்டுமா காட்டியது? வகிட்டோரம் சாயம் எட்டாத நரையையும் எண்ணிக் காட்டியது.

"இதுல உண்மை கொஞ்சம் கூடுதலா இருக்குத்தா" என்றேன் மருமகளிடம்.

"அப்ப அனுப்பிரவா, அத்தை?"

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு, யோசிப்போம்" என்றான் மகன். அவன் யோசனை எனக்குத் தெரியாதா? பெட்டியில் போட்டு மூடிவிடுவான்.

மறுநாள் காலையில் பெட்டியைத் தேடி வீடெல்லாம் அலைந்தான். நான் முற்றத்தில் இருந்தேன். அட்டையை நாலாக வெட்டி விரித்து, மேலே துணி போட்டு, வடகம் பிழிந்துகொண்டிருந்தேன்.

"ஆத்தா! என்ன காரியம் பண்ணுறீக?"

"வெயில்ல வைக்கத் தோதா இருந்தது இது ஒண்ணுதானப்பா" என்றேன்.

சன்னல் சாத்திய அறைக்குள்ளிருந்து மருமகள் சிரிப்பது கேட்டது.