சித்தப்பா சொன்ன சண்டைப்படம்

அவுஸ்திரேலியாவில் எங்கள் டூங்கபி வீட்டில் மகள் ஒரு பழைய அமெரிக்கச் சண்டைப்படம் போட்டாள். இப்போது நரைத்த தலையோடும் வில்லன்களை அடிக்கிற அதே நடிகர், இதில் இளந்தாரியாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தார். எனக்கு உடனே மண்ணெண்ணெய் மணத்தது.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம். ஞாயிறு பின்னேரம் முற்றத்தில் வாடகை ஜெனரேற்றர் மண்ணெண்ணெய்ப் புகைவிட்டுக் கத்த, ஒழுங்கையில் குடியிருந்த அயல்சனமெல்லாம் எங்கள் விறாந்தையில் இருந்து படம் பார்க்கும். இங்கிலிஷ் விளங்காத எங்களுக்குச் சித்தப்பாதான் கதிரையில் ஏறி நின்று கதை சொல்லுவார்.

"இவன்ரை தேப்பனைக் கடல் கடந்து கொண்டுபோயிட்டாங்கள். மகன் தேடிப் போறான்!"

அந்த நடிகரின் எந்தப் படத்துக்கும் இதுதான் கதை. கடைசியில் அவர் ஒரு பொலிஸ்காரனைக் கட்டிப்பிடித்தாலும், "அந்தா தேப்பன்!" என்பார். நான் விசிலடிப்பேன். அப்போது என் அப்பா அவுஸ்திரேலியா போய் மூன்று வருடம்.

அதே கதையை மகளுக்குச் சொன்னேன்.

"அம்மா, அவர் தேடுறது களவுபோன வைரம். சப்டைட்டிலைப் பாருங்கோ" என்று சிரித்தாள்.

ஒவ்வொரு படம் முடியவும் சித்தப்பா என் முகத்தையே பார்த்தது ஏனென்று இப்போதுதான் விளங்கியது.

வெடிச்சத்தமும் எங்கள் பேச்சும் கேட்டு அப்பா அறையிலிருந்து வந்தார்.

"ஆரைத் தேடுறான், பிள்ளை?"

"தேப்பனை" என்றேன்.

"கிடைச்சிட்டாரோ?"

"ஓம் அப்பா" என்று அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.