டாக்டர் அம்மாவின் பைக்கும் வீட்டுக்காரரின் யோசனைகளும்

பல் டாக்டர் அம்மா நெடும்பயணத்துக்கென்றே பெரிய பைக் ஒன்று வாங்கினார். அவருடைய வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் யோசனை சொல்வதில் மன்னன். கால் தரையில் ஊன்றும்படி அம்மா சீட்டைத் தாழ்த்தினார். "கம்பீரமே போச்சு" என்றார் இவர். கைக்கு எட்டும்படி அம்மா ஹேண்டில்பாரைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். "அப்ப கம்பெனிக்காரன் முட்டாளா?" என்றார் இவர். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைக்கும் அம்மா, தன் வாயைத் திறக்காமல் வண்டியைத் தெருவில் ஓட்டி ஓட்டிப் பழகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கே சாமான் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"உங்களுக்குத்தான் இந்த வண்டியில எதுவுமே பிடிக்கலையே. சோபாவுல உக்காருங்க."

"வழியில பேச்சுத்துணை வேணாமா? இந்தப் பெட்டி பேசுமா?"

"பேசாதுங்க. அதுக்காகத்தான் வாங்கினேன்."

மறுநாள் காலையில் அம்மா தனியாகவே கிளம்பிப் போனார். வண்டி தெருமுனை திரும்பும் வரை வீட்டுக்காரர் வாசலில் வாடிய முகத்தோடு நின்றார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததும் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பெட்டி என்னோட ஐடியா சார்."