குடைத்துணித் தொப்பி

அடுத்த மாதம் யாங்கோனில் என் உடைகளைக் காட்சிக்கு வைக்கிறேன். எல்லாமே தூக்கிப்போட்ட பொருள்களிலிருந்து தைத்தவை: கிழிந்த குடை, அரிசிச் சாக்கு, வெளுத்துப்போன பேனர். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் பூமி, குப்பை, வருங்காலம் என்று எதையாவது அளந்துவிடுகிறேன். உண்மையில் அது பத்து வயதில் நான் பண்ணிய ஒரு கூத்திலிருந்து வந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்பதால் சொல்வதில்லை.

அப்போது யாங்கோன் ஓரத்தில், தாகேதாவில் இருந்தோம். அம்மா மலேசியாவுக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எங்களோடு வந்து தங்கிச் சமைத்துப் போட்டாள். அப்பாவுக்கு நகர நடுவில், கியாக்டடா நடைபாதையில் குடை ரிப்பேர் வேலை. ஊரார் தலை நனையாமல் பார்த்துக்கொள்பவர், தான் மட்டும் தினமும் தொப்பலாக நனைந்து வருவார். அம்மா போன பிறகு அவருக்குச் சிரிப்பே மறந்துபோயிருந்தது. எப்படியாவது அவரை ஒரு தடவை சிரிக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த மழைக்காலத்தில் எனக்கிருந்த ஒரே கவலை.

ஒரு மழைத் தொப்பி தைத்துக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். மேலுக்கு, அப்பா கழித்துப்போட்ட கறுப்புக் குடைத்துணி. உள்ளே வைக்க மெத்தென்று ஏதாவது வேண்டுமே என்று அத்தையின் கந்தல் மூட்டையைக் கிளறினேன். அம்மாவின் தமெய்ன் ஒன்று கிடைத்தது, அவள் வீட்டில் கட்டுகிற மஞ்சள் பூப்போட்ட லுங்கி. ஒரு கிழிசல் இல்லை. அடடா, இதைப் போய்க் கந்தலில் போட்டிருக்கிறாளே, அத்தைக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். முகத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா வாசனை வரவில்லை, கரப்பான்பூச்சி நாற்றம்தான் அடித்தது. அதற்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெண்கள் கட்டிய தமெய்ன் ஆணின் தலைக்கு மேலே போகக்கூடாது, போனால் அவனுடைய மகிமை போய்விடும் என்பது பர்மாவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கொடியில்கூட அதைத் தாழ்வாகத்தான் காயப்போடுவோம். எனக்கும் தெரியும். ஆனால் வெட்டித் தைத்துவிட்டால் அது தொப்பிதானே, அப்புறம் எப்படித் தமெய்ன் ஆகும் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அப்பா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று சாயங்காலமே கோஜி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நடைபாதையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கடை போடும் பர்மியர்; எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அத்தையிடம், "அக்கா, ஒங்க தம்பி தலயில தமெய்ன்! டீக்கடயில தொப்பியக் கழட்டி ஒதறினாரு, எல்லாரும் பாத்துட்டாங்க. இனிமே நான் எப்புடி பக்கத்துல ஒக்கார்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! ஒங்கப்பன் மானத்த வாங்கவே பொறந்தியாடி?" அப்பா வந்து தொப்பியைக் கழற்றி வைத்ததும், பிளேடை எடுத்து அதன் உள்துணியைப் பிரிக்க உட்கார்ந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அப்பா அவள் கையிலிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டார். "வுடுக்கா. தச்சது தச்சபடி இருக்கட்டும்."

"இதப் போட்டுக்கிட்டு எப்புடிடா வெளிய போவ?"

"மழ பெய்யுதுல்ல" என்றார்.

மறுநாளும் போட்டுக்கொண்டு போனார். கோஜி தன் வெற்றிலைப் பலகையைப் பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டாராம். அந்த மழைக்காலம் முழுக்க, வெயிலடித்த நாளிலும்கூட, அப்பா தலையில் அது இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தையல் அவ்வளவு பிரமாதம் என்று எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்.

இனிமேல் வரமாட்டேன், தேட வேண்டாம் என்று அம்மா அந்த மழைக்காலத்துக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தாள். அப்பாவுக்கும் அத்தைக்கும் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. ஒருநாள், "அம்மா வந்ததும் அவங்களுக்கும் ஒண்ணு தச்சுத் தர்றேம்ப்பா" என்றேன். அப்பா தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்க வைத்துவிட்டேன் என்று நான் கைதட்டிக் குதித்தேன்.