பிடித்துத் தைத்த மஞ்சள் ரவிக்கை

தைப்பூசம் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மலர்விழி ரவாங்குக்குப் புறப்பட்டாள். பெரியம்மா சீதாலெட்சுமியின் காரில் பின்னால் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கிள்ளானில் அன்று வெயில் கொளுத்தியது. அவளோ முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏர்கோனை அடைக்கச் சொன்னாள்.

"நீ கவலப்படாத வள்ளி. ரெண்டு வாரம் என் வீட்ல இருக்கட்டும், ஆளையே மாத்தி அனுப்புறேன்," என்றாள் சீதாலெட்சுமி.

"பெரியம்மா, நான் என்ன கோழியா?"

"கோழின்னா தேவல லா. அதுவாவது போட்டதத் தின்னும்."

எல்லோரும் சிரித்தார்கள். கார் முனை திரும்பி மறைந்ததும், வாசலில் நின்ற அம்மா அமுதவள்ளிக்கு முதலில் வந்தது நிம்மதி. இனிக் கொஞ்ச நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் சண்டை இல்லை. அந்த நிம்மதி பின்னால் அவளை எப்படியெல்லாம் வதைக்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அமுதவள்ளி ரவிக்கை தைப்பவள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக்கடையின் மாடியில் அவளுடைய மெஷின். காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். வாடிக்கையாளர் படியேறி வரும்போதே, "போன தீபாவளிக்கு இப்ப எளச்சிட்டீங்க அக்கா," என்று ஒரு வார்த்தை போடுவாள். வந்தவர் ஒன்றுக்கு இரண்டாகத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்.

கணவர் கமலநாதன் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். முந்தின வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்தார். அப்பா நன்றாக இருக்கவேண்டும் என்று மலர்விழி பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கிற பெண். ஒருவேளைச் சோறு, கவுச்சி இல்லை, பாயில் படுக்கை என்று அவள் விரதம் பிடித்ததைப் பார்த்து வீடே பூரித்தது. பால்குடத்துக்கென்று தைத்த மஞ்சள் ரவிக்கை தைப்பூசத்துக்குள் தொளதொளத்துப் போனது. அமுதவள்ளி பக்கத்தில் பிடித்துத் தைத்தாள். மறுபடியும் தொளதொளத்தது, மறுபடியும் பிடித்தாள். உள்ளே மடிந்த துணியை மட்டும் வெட்டவில்லை. அது தொழில் பழக்கம். எந்த உடம்பும் ஒரே அளவில் நிற்பதில்லை.

தைப்பூசம் கழிந்து வீட்டில் இடும்பன் பூசை நடந்தது. அன்றைக்குப் படைத்ததைச் சாப்பிட்டால் விரதம் முடிந்தது என்று அர்த்தம். மலர்விழி வயிறு சரியில்லை என்று இலையை மூடிவிட்டாள். "புள்ளைக்கு பக்தி முத்திப்போச்சு," என்று பக்கத்து வீட்டு ஆன்டியிடம் பெருமையாகச் சொன்னது அமுதவள்ளிதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த வேளையும் சண்டையில்லாமல் கழியவில்லை. அதனால்தான் ரவாங்.

ரவாங்கிலிருந்து பத்து நாளில் போன் வந்தது. மலர்விழி குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். "சாப்பிட்டா வள்ளி! தட்டு காலியாத்தான் இருந்துச்சு, சாமி சத்தியமா!" என்று சீதாலெட்சுமி அழுதாள்.

மருத்துவமனையில் நாடித்துடிப்பு சரியாகும்வரை வைத்திருந்தார்கள். இது உணவுக் கோளாறு, மனநோய்களில் ஆளைக் கொல்லக்கூடிய ஒன்று, வீட்டுக்குப் போனாலும் சிகிச்சையை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னார். என்ன சிகிச்சை என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. சீதாலெட்சுமிக்கு மந்திரித்துக் கயிறு கட்டுகிற ஒருவரைத் தெரியும். கமலநாதன், "ஆஸ்பத்திரிலயே இருக்கட்டும். படிச்சவங்க பாத்துக்குவாங்க," என்றார். அமுதவள்ளிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டர் சொல்லி அனுப்பிய மனநல ஆலோசகர் டொரத்தியைப் பார்க்கப் போனார்கள். அவருடைய அறை அமுதவள்ளியின் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

டொரத்தி சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, உடம்பு ஆபத்துன்னு டாக்டர் சொன்னா வார்டுதான், அதுல பேச்சே கிடையாது. இப்ப அந்தக் கட்டம் தாண்டிட்டா. இனி ரெண்டு வழி. அவ மட்டும் வாரா வாரம் வந்து என்கிட்ட பேசலாம். இல்லாட்டி சாப்பாட்ட நீங்க கையில எடுத்துக்கணும். என்ன சாப்பாடு, எவ்வளவுன்னு நீங்க முடிவு பண்றீங்க, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்கார்றீங்க, குடும்பத்தோட இங்க வர்றீங்க. அவ வயசுக்கு, இப்பதான் ஆரம்பிச்ச நோய்க்கு, நான் ரெண்டாவதத்தான் சொல்வேன். ஆனா அதுதான் கஷ்டம்."

"என்னா கஷ்டம்?"

"கொஞ்ச நாளைக்கு உங்களக் கண்டாலே ஆகாது அவளுக்கு."

அமுதவள்ளி நாடாவைத் தேடிக் கழுத்தைத் தடவினாள். அன்று அது இல்லை. "நான்தான் பிடிச்சுப் பிடிச்சுத் தச்சுக் குடுத்தேன் டாக்டர். விரதம்னு நெனச்சேன்."

"விரதம் நோயக் கொண்டுவரல அக்கா. நோய் அதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிச்சு. ஊரே பாராட்டுச்சு, யாருக்கும் சந்தேகம் வரல. ஆனா ஒன்னு, இனிமே வீட்ல யாரு உடம்பப் பத்தியும் பேச்சு வேணாம். எளச்சிட்டே, பூசிட்டே, எதுவும்."

"நான் அதச் சொல்லித்தானே பொழைக்கிறேன்?"

"அப்ப உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம்," என்று டொரத்தி சிரித்தார். பிறகு, "யாரு பக்கத்துல உக்காரப் போறீங்க?" என்று கேட்டார்.

கமலநாதன் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேருக்கும் வேல. சீதா அக்காவ வந்து இருக்கச் சொல்லலாம்."

கார் முனை திரும்பியதும் வந்த அந்த நிம்மதி அமுதவள்ளிக்கு நினைவு வந்தது. "வேணாங்க," என்றாள். "ஒரு தடவ அனுப்பிட்டேன். நானே உக்கார்றேன்."

கடை முதலாளியிடம் சொல்லி மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காலைப் பசியாறல் மட்டும், இரவு வேலை முடிந்து வரும் கமலநாதன் பொறுப்பு.

முதல் நாள் காலை இருவருமே கூட இருந்தார்கள். தோசை ஆறி வறண்டது. மலர்விழி தட்டைத் தொடவில்லை.

"நீங்க என்ன, போலீஸா?"

"போலீசுன்னா பென்ஷன் வரும். எனக்கு உன்கிட்ட ஏச்சுதான் வருது. சாப்பிடு."

"சாமிக்கு நேந்துக்கிட்டதும்மா. உங்களுக்குப் புரியாது."

கமலநாதன் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டார். "யாருக்காக நேந்துக்கிட்ட? எனக்காக. நான் நல்லாதான் இருக்கேன், பாரு. இடும்பன் பூசை அன்னிக்கு நீ முடிக்காதத இப்ப நான் முடிச்சு வைக்கிறேன்." ஒரு விள்ளல் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டார். தட்டை மகள் பக்கம் நகர்த்தினார்.

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு கொஞ்சம் சாப்பிட்டாள். மத்தியானம் மறுபடியும் முதலிலிருந்து.

அப்படித்தான் போனது. நல்ல வாரமும் வரும், தட்டு சுவரில் போய் மோதுகிற வாரமும் வரும். பள்ளி விடுமுறையில் நாடித்துடிப்பு மறுபடியும் குறைந்து வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. அன்று சீதாலெட்சுமி ஒரு கயிற்றோடு வந்தாள். அமுதவள்ளி சண்டை போடவில்லை. "கட்டிக்கட்டும் அக்கா. ஆனா டொரத்திகிட்ட போறத நிறுத்த மாட்டோம்," என்றாள். மெல்ல மெல்லத் தட்டைப் பற்றிய முடிவுகள் ஒவ்வொன்றாக மகள் கைக்குத் திரும்பின. முதலில் மாலைப் பலகாரம், அப்புறம் பள்ளிச் சாப்பாடு. பிறகு அவள் தனியாகவே டொரத்தியைப் பார்க்கப் போனாள். பரீட்சையை ஒரு வருடம் தள்ளி எழுதி, ஈப்போவில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். புறப்பட்ட அன்று அமுதவள்ளிக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. மகளின் பெட்டியில் மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே மஞ்சள் ரவிக்கையும் இருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மெஷின் மறுபடியும் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக்குப் போனது. இந்தத் தை மாதம் ஒரு நாள் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் அளவு கொடுக்க நின்றார். "என்னா வள்ளி, எப்பவும் எதாச்சும் சொல்வியே. எளச்சிருக்கேனா இல்லியா?"

"கையத் தூக்குங்க அக்கா," என்றாள் அமுதவள்ளி.

அப்போது மெஷின் மேலிருந்த போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து வாட்ஸ்அப். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படித்தாள்.

"அம்மா, தைப்பூசத்துக்கு வரேன். நேத்திக்கடன் ஒன்னும் இல்ல, அப்பா கூட சும்மா பத்துமலைக்கு. அங்க தண்ணீர்ப் பந்தல்ல சாப்பாடு போடுவாங்கள்ல, அங்கயே சாப்பிட்டுக்கலாம். மஞ்சள் ப்ளவுஸ் போட்டுப் பாத்தேன், கை நுழையல லா. ஒரு நாள் அழுகையா இருந்துச்சு, டொரத்தி கிட்ட பேசினேன், இப்ப ஓகே. வெள்ளிக்கிழமை கொண்டு வரேன். பிரிச்சு விட்டுக் குடுங்க."