ஆப்பிள் லாரி நின்ற வாரம்

இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தபோது என் அண்ணன் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். அண்ணிக்குப் பாண்டிச்சேரியில் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. என்னோடு இருந்த அம்மாவைத் துணைக்கு அழைத்துப் போகத்தான் கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தார். மறுநாள் காலை புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை. தபாலாபீசில் டிரங்க் கால் கேட்டால் லைன் கிடைக்கவில்லை. நடந்தே போகிறேன் என்று கிளம்பியவரைத் தியாகதுருகத்தில் போலீஸ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சேலம் போகவேண்டிய ஆப்பிள் லாரி ஒன்று எங்கள் தெருமுனையில் நின்றிருந்தது. மூன்றாம் நாள் பழம் அழுகத் தொடங்க, டிரைவர் வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். அண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். பழக்கடையில் உதிர்ந்துகொண்டிருந்த கறுப்புத் திராட்சையையும் வாங்கினார். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் அவர் சமையல் வேலை பார்த்தார்; இரண்டையும் கலந்து ஒயின் போட அங்கே கற்றிருந்தார்.

"இந்த நேரத்துல இது இன்னாத்துக்குண்ணா?" என்றேன்.

"சும்மா குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும்மா."

ஆப்பிளை உரலில் இடித்து, திராட்சையைப் பிசைந்து, ஊறுகாய் ஜாடியில் ஊற்றித் துணி கட்டினார். மறுநாளே நுரைத்தது. ஜாடியருகே காதை வைத்துக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நுரை அடங்குமுன் வடிகட்டி, ஏழு பாட்டிலில் ஊற்றி, தக்கையைச் சணலால் இறுக்கிக் கட்டினார். உள்ளேயே புளித்து, தானாக கேஸ் பிடித்துக்கொள்ளுமாம்.

எட்டாம் நாள் ஓடிய முதல் பஸ்ஸில் அம்மாவும் அவரும் கிளம்பினார்கள். "நான் வர்ற வரைக்கும் தொடாத" என்றார்.

அம்மா யாரையோ எழுதச் சொல்லிப் போட்ட கார்டு வந்தது. ஆண் குழந்தை. ஒரு நாள்தான் இருந்ததாம். இவர்கள் போய்ச் சேருமுன்னே பக்கத்து வீட்டார் புதைத்துவிட்டார்கள்.

அந்த வாரமே பாட்டில்கள் வெடிக்க ஆரம்பித்தன. தக்கையைக் கொஞ்சம் தளர்த்தலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு இதைக் கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது? ஐந்து போயின. கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிப் போட்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணன் அண்ணியோடு வந்தார். மீதியிருந்ததில் ஒன்றைத் திறந்தார். டம்ளரில் சன்னமாகக் குமிழ் ஏறியது. அண்ணி ஒரு வாய் குடித்தார்.

"அந்த ஒரு வாரமும் நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"இதத்தான்" என்றார் அண்ணன்.

அண்ணி தலையை ஆட்டிவிட்டு மீதியையும் குடித்தார்.