இந்த வருஷம் வயல் என்ன நிறம்

உடைந்த சீப்பு ஒன்றை வண்டியின் பானெட் மேல் சாய்த்துப் பிடித்தபடி, மறு கையில் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைக் குலுக்குகிறார் வெர்லன் ப்ரூயிட். டப்பாவுக்குள் இருக்கும் குண்டு கடகடவென்று உருள்கிறது. புஸ்ஸென்று ஒரு பீய்ச்சல். சீப்பை எடுத்தால், அதன் பற்கள் மறைத்த இடமெல்லாம் மெல்லிய புல்லாக நிற்கிறது. சீப்பை இரண்டு விரற்கடை தள்ளி, சற்றே சாய்த்து வைக்கிறார். மறுபடியும் கடகட.

அந்தச் சத்தம் வேலி தாண்டி எங்கள் சமையலறைக்கு வரும். இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அதைக் கேட்டுத்தான் குளிர்காலப் போர்வைகளை வெளியே எடுக்கிறேன்.

வெர்லன் எங்கள் ஊரில் முடி வெட்டுகிறவர். அமெரிக்காவில், ஆர்கன்ஸா மாநிலத்தின் நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு அவர் கடை ஒன்றே கடை. ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள், எப்போதும் லேசாகக் குனிந்தே பேசும் பழக்கம். யாரைப் பார்த்தாலும் முதலில் பிடரியைத்தான் பார்ப்பார். ஒரு சவ அடக்கத்தின்போது, எங்களுக்கு முன்னால் தலை கவிழ்ந்து நின்றவரின் பிடரியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: “இது நான் வெட்டினது இல்ல. பக்கத்து ஊருக்குப் போயிருக்கான், பாவி.”

வாத்து வேட்டைக்காலம் தொடங்கிவிட்டால் காலையில் கடை திறக்காது. யாராவது முணுமுணுத்தால், “முடி எங்கயும் பறந்து போயிடாதுப்பா. வாத்து போயிடும்” என்பார்.

வேட்டைக்குப் போகும் பழைய பிக்கப் வண்டிக்குத்தான் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வீட்டுக் கொல்லையில் வைத்து, வாத்துகளின் கண்ணுக்கு வயலோடு வயலாகத் தெரியும்படி புதிதாக வண்ணம் தீட்டுவார். முதலில் சேறு போகக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள், விளக்குகளுக்கு ஒட்டு டேப். வைக்கோல் நிறத்தில் ஒரு பூச்சு காய்ந்ததும், வாய்க்காலில் பிடுங்கிய சம்பங்கோரையையும் நெல் தாளையும் கதவுகள் மேல் பரப்பி, அவற்றின் மேல் கருமை, பழுப்பு, மங்கல் பச்சை என்று பீய்ச்சுவார். கோரையை எடுத்தால் அதன் நிழல் தகரத்தில் தங்கியிருக்கும். பளபளக்கும் பெயின்ட் மட்டும் ஆகவே ஆகாது. “பளபளன்னு இருந்தா வாத்து மேலேருந்து முகம் பாத்துத் தலை சீவிக்கும்.”

அவர் மனைவி ஜெனெல் துணி காயப்போட வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டாள். “நல்லாப் பூசு. ஒருநாள் வண்டிய எங்க நிறுத்தினோம்னு தெரியாம, வயலெல்லாம் தடவிக்கிட்டு நடந்து வரப்போற.”

இத்தனைக்கும் வெர்லனுக்கு நிறம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் அவர் கண்ணுக்கு ஒரே சேறு. தக்காளி பழுத்ததா என்று அமுக்கிப் பார்த்துத்தான் பறிப்பார். ஆண் வாத்தின் தலை பச்சையாக மின்னும் என்று ஊரே மயங்கும். அவர் அதைக் கண்டதேயில்லை. ஆணா பெண்ணா என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடுவார். ஒரே கூட்டம் கத்துவதைக் கேட்டு, எது பயந்திருக்கிறது, எது இறங்க நினைக்கிறது என்றும் சொல்வார்.

அவருக்கு நிறம் பார்த்துச் சொல்ல ஆர்லிஸ் கோட் என்பவர் இருந்தார். சின்ன வயதிலிருந்து கூட்டாளி. நெல் உலர்த்தும் ஆலையில் வேலை. பெயின்ட் டப்பாவின் நிறம் டப்பாவிலேயே எழுதியிருக்கும். வயல் இந்த வருஷம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்காதே. அறுவடைக்குப் பின் மழை பெய்தால் மறுதாம்பு தளிர்த்துப் பச்சை ஏறும். பெய்யாவிட்டால் தாள் வெளுத்துவிடும். ஆர்லிஸ் வயலில் இறங்கி ஒரு பிடி தாளைப் பறித்துவந்து, கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, பெயின்ட் பூசிய அட்டைத்துண்டுகளை அதன் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்ப்பார்.

“டேய், அது பழுப்பு இல்லடா. ரத்தச் சிவப்பு. வாத்து பாத்துட்டு ஆம்புலன்ஸ கூப்பிடும்.”

“இதுவாடா?”

“அது சரி. ஆனா பின்பக்கம் வேணாம். பின்பக்கம் கருப்பு போடு. நீ ஓட்டினா எப்படியும் சேத்துலதான் பின்பக்கம் இருக்கப்போகுது.”

அந்த மாலைகளில் எங்கள் கொல்லைப்புறம் முழுக்க பெயின்ட் வாசனையும் அவர்கள் சிரிப்பும்தான். ஜெனெல் சுடச்சுட பிஸ்கட் ரொட்டியும் தொத்திறைச்சிக் குழம்பும் கொண்டுவந்து வைப்பாள். என் கணவர் ஏதோ ஆணி வாங்கப் போகிறவர் போலக் கிளம்பி, வேலியோரமே நின்றுவிடுவார். நான் கூப்பிட மாட்டேன். நானும் ஜன்னலோரம்தான் நிற்பேன்.

போன வருஷம் கோடையில் ஆர்லிஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது, ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் “நாசமாப் போக” என்றுதான் வரும். தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், நன்றி சொல்வதானாலும் அதுதான். அவரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ரோவீனா தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள். பாதிரியார் வீட்டுக்கு வந்து, கட்டில் அருகே மண்டியிட்டு உருகி ஜெபித்து முடித்ததும், ஆர்லிஸ் கண்ணில் நீர் ததும்ப, நெஞ்சாரச் சொன்னார்: “நாசமாப் போக.” ரோவீனா சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

அந்த வருஷம் வெர்லன் தனியாகவே வண்ணம் தீட்டினார். டப்பாவில் இருந்த பெயர்களை நம்பினார். காய்ந்துபோன வருஷம் அது. வயலெல்லாம் எலும்பாக வெளுத்துக் கிடந்தது. வண்டியோ துளிர்ப் பச்சை. ஊரில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் எல்லோரும் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசியதில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டார்.

“நிஜத்தச் சொல்லு ஜெனெல்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “கீரை மாதிரி இருக்கு வெர்லன். நல்ல கீரை.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு போவார், வெறுங்கையோடு வருவார். சுடவேயில்லை என்று ஜெனெல் என்னிடம் சொன்னாள். வரப்போரம் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்துவிடுவாராம்.

இந்த வருஷம் இலை பழுத்து உதிரத் தொடங்கியும் கடகடச் சத்தம் கேட்கவில்லை. நான் வேலியருகே போய்க் கேட்டேன்.

“இல்லம்மா. வண்டிய மருமகன் கேக்கிறான், அவன்கிட்டயே கொடுத்துடலாம்னு பாக்கிறேன். அவன் அதுக்குச் செவப்பு அடிக்கட்டும், மஞ்சள் அடிக்கட்டும். எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

சனிக்கிழமைதோறும் அவர் ஆர்லிஸ் வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துவிடுவார். அன்று வெயில் நன்றாக இருந்ததால் ரோவீனா தம்பியைச் சக்கர நாற்காலியோடு முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். முகத்தில் சோப்பு நுரை, கழுத்தில் கத்தி. அப்போது வடக்கே இருந்து அந்தப் பருவத்தின் முதல் வாத்துக் கூட்டம் வந்தது. ஆர்லிஸ் சட்டென்று தலையை நிமிர்த்தினார். வெர்லன் கத்தியை இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. “செத்திருப்பியேடா!” என்று கத்தினாராம்.

ஆர்லிஸ் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூட்டம் மரங்களுக்குப் பின்னால் மறைந்ததும் “நாசமாப் போக” என்றார். மெதுவாக, இறங்கிய குரலில்.

வெர்லன் கத்தியை மடக்கினார். பாதி முகம் நுரையோடு நண்பனைத் தூக்கிப் பிக்கப்பின் முன் இருக்கையில் உட்காரவைத்தார். ரோவீனா துண்டோடு பின்னால் ஓடிவந்தாள்.

“எங்க கூட்டிட்டுப் போற? பாதி முகம் அப்படியே இருக்கு!”

“வயலுக்கு. நாற்காலியத் தூக்கிட்டு நீயும் எங்க வீட்டுக்கு வந்து சேரு.”

அவர்கள் வெர்லன் வீட்டுக் கொல்லைக்கு வந்தபோது ஆர்லிஸின் இடது முஷ்டியில் ஒரு பிடி நெல் தாள் இருந்தது. ஒரு கன்னம் மழமழவென்று. மறு கன்னத்தில் காய்ந்த நுரை. வெர்லன் அட்டைத்துண்டுகளில் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் கொஞ்சம் பீய்ச்சி, ஒவ்வொன்றாக அந்தத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“இது?”

“நாசமாப் போக!” குரல் மேலேறி உடைந்தது.

“சரி, இல்ல. இது?”

“நாசமாப் போக. நாசமாப் போக.”

“பக்கத்துல வந்திருக்கோம், ஆனா இல்ல. இன்னும் வெளுப்பு வேணும், அதானே?”

எனக்கும் ஜெனெலுக்கும் எல்லாம் ஒரே வசவாகத்தான் கேட்டது. வெர்லன் காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலாவது அட்டையோ ஐந்தாவதோ, அதை நீட்டியபோது ஆர்லிஸ் கீழ்க்குரலில், கிட்டத்தட்டக் கொஞ்சுவது போல அதையே சொன்னார். வெர்லன் கண்ணைத் திறந்தார்.

“இதுதான்!” என்றார். “ஜெனெல், இது என்ன நிறம்?”

“கோழிக்குஞ்சு கொஞ்சம் அழுக்கானா எப்படி இருக்கும், அது.”

“அதேதான் இந்த வருஷம்.”

மத்தியானம் முழுக்கக் கடகடச் சத்தம். என் கணவர் ஆணி வாங்கக் கிளம்பி வேலியோரம் நின்றார். இந்த முறை நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். கதவுக்குக் கதவு வசவு விழுந்தது. வெர்லன் அழித்தார், மாற்றினார், எதிர்த்துத் திட்டினார். ஒரு கட்டத்தில் ரோவீனாவே, “அவன் சொல்றது சரிதான் வெர்லன், அந்தப் பக்கம் ரொம்ப இருட்டு” என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தபோது வேலை முடிந்தது. கொல்லையின் காய்ந்த புல்லுக்கு முன்னால் வண்டி பாதிதான் தெரிந்தது. வெர்லன் பின்னால் நகர்ந்து நகர்ந்து அதைப் பார்த்தார். பிறகு திரும்பி ஆர்லிஸைப் பார்த்தார். ஆர்லிஸைக்கூட இல்லை. அவர் நாற்காலியின் சக்கர வளையங்களையும் கைப்பிடிக் கம்பிகளையும் பார்த்தார். சாய்ந்த வெயிலில் அவை கண்ணைக் கூசும்படி மின்னிக்கொண்டிருந்தன.

“வெர்லன்,” என்றாள் ரோவீனா, “அது ஆஸ்பத்திரி நாற்காலி.”

அவர் வீட்டுக்குள் போய், கடையில் முடி வெட்டும்போது போர்த்தும் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தார். ஒரு உதறு உதறி, நண்பனின் மேல் கால்வரை விரித்து, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். முடிச்சுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரலை விட்டு, இறுக்கமில்லையே என்று பார்த்துக்கொண்டார். பிறகு சக்கரத்தின் பக்கம் குனிந்து, பெயின்ட் டப்பாவைக் கடகடவென்று குலுக்கினார்.