கீழ்மூலையில் இருந்த வரி

பிப்ரவரி 12, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பியதும் நிறுத்திவிட்டு கொரட்டூர் ஏரிக்கரையில் நடந்தேன். திரும்பும் வழியில் பால், வீட்டில் பேப்பர், குளியல், இட்லி. ஒன்பது மணிக்கு முன்னறை மேசையில் உட்கார்ந்தபோது ஸ்கேல், பென்சில், அளவு டேப் மூன்றும் அவற்றின் இடத்தில் இருந்தன. வீடுகளுக்கு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். மேசை கலைந்திருந்தால் எனக்குக் கை ஓடாது.

மேசையில் புதிதாக இருந்தது கம்ப்யூட்டர் மட்டும். பழையது போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரர் இதைக் கொண்டுவந்து மாட்டி, நான் பல வருடங்களாக வரைந்துவரும் பழைய மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்திருந்தார். புதிய இயங்குதளம் இவ்வளவு பழையதை ஏற்காது என்றுதான் முதலில் சொன்னார். பிறகு, பழைய சிஸ்டத்தில்தான் ஓடுகிறோம் என்று அந்த மென்பொருள் நம்பும்படி ஏதோ ஒரு அமைப்பை மாற்றினார். ஓடியது. செவ்வாய் முழுக்க வரைந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

பதினோரு மணிக்கு ஆவடியிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். வேப்பம்பட்டில் இருவருக்கும் அடுத்தடுத்து ஒரே அளவில் மனை. அண்ணன் என் பிளானில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். இப்போது தங்கைக்கு வங்கிக் கடன் கிடைக்கிற நேரம். மறுநாள் காலை பத்து மணிக்குள் பிளானோடு வரச் சொல்லியிருந்தார்கள். வங்கி மேலாளர் மாற்றலாகிப் போகிறார், தவறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்தம்மாவின் கையில் அண்ணன் வீட்டு பிளான் சுருட்டியபடி இருந்தது.

"அண்ணன் ஊடு மாதிரியே போதும் சார். இத்தையே ஒரு ஜெராக்ஸ் போட்டு என் பேர எழுதிக்கலாம்னு அண்ணன் சொன்னாரு. நான்தான் உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு இட்டாந்தேன்."

நான் அந்தத் தாளை மேசையில் விரித்தேன். வலது கீழ்மூலைக் கட்டத்தில் என் பெயருக்கு அடியில் ஒரு வரி உண்டு. அதன்மேல் விரலை வைத்து உரக்க வாசித்தேன்: "இந்த வரைபடத்தை அனுமதியின்றி நகலெடுப்பது குற்றம்." அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இது வெறும் காகிதம் இல்லம்மா. ஒருத்தரோட உழைப்பு. கேக்காம எடுத்துக்கிட்டா அதுக்கு என்ன பேரு, நீங்களே சொல்லுங்க."

அந்தம்மா பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்வதுபோலச் சொன்னார்: "திருட்டு சார்."

நான் தலையாட்டினேன்.

"அதான் கேட்டுக்கினு போலாம்னு வந்தோம், கோச்சுக்காத சார்" என்றார் அண்ணன்.

தங்கையின் மனைக்குக் கிழக்கிலும் தெரு இருப்பதால் மாடிப்படியை அந்தப் பக்கம் மாற்றினால் நல்லது, அதைத் திரையில் காட்டுகிறேன் என்று மென்பொருளைத் திறந்தேன். வரைபடம் வரவில்லை. உரிமம் இல்லை என்று ஒரு சிறு கட்டம் வந்தது. அதற்குமேல், திரையின் ஓரத்தில், ஆபத்தான கோப்பு ஒன்று அகற்றப்பட்டது என்று இன்னொரு அறிவிப்பு.

எந்தக் கோப்பு என்று எனக்கு உடனே தெரிந்தது. இந்த மென்பொருள் எனக்கு வந்தது ஒரு கடையில் வாங்கிய டிஸ்க்கில். அட்டைப்பெட்டி கிடையாது, மார்க்கரில் பெயர் எழுதியிருக்கும். உரிமக் கட்டணம் கட்டியாகிவிட்டது என்று மென்பொருளிடம் பொய் சொல்வதற்கென்றே ஒரு சின்னக் கோப்பு அதில் உண்டு. அதை இந்தப் புதிய கம்ப்யூட்டரிலும் என் கையால்தான் வைத்தேன்.

"லைசன்ஸ் புதுப்பிக்கிற தேதி வந்துட்டுது போல" என்றேன். பதற்றமே இல்லாமல் வந்தது அந்த வாக்கியம். கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டேன். ஒரு கை மவுஸில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். லைசன்ஸ் கேட்கிறது என்றதும் அவர் சிரித்தார்.

"நெனச்சேன் சார். உன்னுது திருட்டு சாஃப்ட்வேருதானே? பழைய சிஸ்டம் கண்டும் காணாம உட்டுக்கினு இருந்துச்சு. புதுசு போலீஸ்காரன் மாரி சார், தேடிப் புட்ச்சுத் தூக்கிடும். டென்சன் ஆவாத, சாப்ட்டு வரேன்."

ஸ்பீக்கரை அணைக்கும் இடத்தை நான் கண்டுபிடிப்பதற்குள் அவர் பேசி முடித்திருந்தார்.

அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். தங்கைதான் முதலில் பேசினார்.

"அதனால இன்னா சார்? எங்க ஊட்லகூடப் புதுப் படம் வந்தா செல்லுல அப்டித்தான் பாக்குறோம்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ சொன்னாப்ல ஜெராக்ஸே போட்டிருக்கலாம் போல."

"ஏய், சும்மா இரு. சார் பாவம்."

கிண்டலைத் தாங்கிக்கொண்டேன். அந்தப் 'பாவம்'தான் காதுக்குள்ளேயே நின்றது. அண்ணன் என்னை இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

"நாளைக்குக் காலீல எட்டு மணிக்கு வரேன் சார். கெட்ச்சுடும்ல?" என்று கேட்டார் அந்தம்மா. கிடைக்கும் என்றேன். அண்ணன் வீட்டு பிளானை எடுத்துக்கொண்டு போயிருந்தால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வேலை முடிந்திருக்கும். அவர் அதை மேசையிலேயே விட்டார். "உங்களாண்டயே இருக்கட்டும் சார். பாத்துப் போட ஒதவும்."

அவர்கள் போனதும் என் மனைவி வந்து காப்பி டம்ளர்களை எடுத்தாள். சமையலறைக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"மிக்சி பில்லக்கூட ஃபைல் போட்டு வெச்சிருக்கீங்க. இதுவும் அப்படி வாங்கினதுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்."

"காசு குடுத்துத்தான் வாங்கினேன்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஸ்கேலை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தேன். அவள் டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர்காரர் வந்தார். பாதுகாப்பு மென்பொருள் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பார்க்காதபடி செய்தார். டிஸ்க்கை நான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்க, கோப்பை மறுபடி அதன் இடத்தில் வைத்தார்.

"வரையறப்போ நெட்டு வயரப் புடுங்கிடு சார். அதுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. இல்லாங்காட்டி ஃப்ரீயாவே வரையற சாஃப்ட்வேரு ஒண்ணு கீது, அதுல திருட்டு கிருட்டு ஒண்ணும் இல்ல. எறக்கித் தரவா?"

"பழக எத்தனை நாள் ஆகும்?"

"உன் கைக்கு ஒரு மாசம்."

நாளைக்குப் பத்து மணிக்கு வங்கி, அப்புறம் பார்க்கலாம் என்றேன். காரணம் உண்மைதான். வங்கி இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் போனதும் வயரைப் பிடுங்கிவிட்டு வரைந்தேன். படியைக் கிழக்கே தள்ளினேன். அண்ணன் வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கவிருந்த சமையலறை ஜன்னலைப் பின்பக்கம் மாற்றினேன். கேட்காமலே ஒரு அலமாரியும் போட்டேன். இருட்டுவதற்குள் முடிந்து பிரிண்ட் எடுத்தபோது, வலது கீழ்மூலையில் அந்த வரி இருந்தது. நான் அதை அடிப்பதே இல்லை. மாதிரித் தாளிலேயே இருப்பதால் ஒவ்வொரு பிளானிலும் தானாக வந்துவிடும். தாளை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன். சாப்பிடும்போது மனைவி ரசத்தில் உப்பு சரியா என்று மட்டும் கேட்டாள்.

13, வியாழன். ஐந்தரைக்கு எழுந்ததும் நேராக முன்னறைக்குப் போனேன். வயர் பிடுங்கியபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மென்பொருளைத் திறந்தேன். அந்த வரியை அந்தம்மாவின் பிளானிலிருந்து அழித்தேன். பிறகு மாதிரித் தாளிலிருந்தும் அழித்துச் சேமித்தேன். புதிதாக இரண்டு பிரதி எடுத்து, அண்ணன் வீட்டு பிளானோடு சேர்த்துச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு மேசையின் நடுவில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் மோட்டார் போட்டேன்.